ஃபார்முலாவைப் படமாக்கிப் பார்ப்பது: மரமா, அம்புக்குறியா, உள்தள்ளலா?

யாரோ எழுதிவைத்த எக்செல் கோப்பு கைக்கு வருகிறது. ஒரு செல்லைச் சொடுக்கினால் ஃபார்முலா பார் முழுக்க அடைப்புக்குறிகளும் காற்புள்ளிகளும். எழுதியவரிடம் கேட்க வழியில்லை. திரும்பத் திரும்ப வாசித்துப் புரிந்துகொள்ள முயல்வதைவிட அதைப் படமாக்கிப் பார்ப்பது வேகமான வழி. ஆனால் படமாக்கும் முறைகள் பல உண்டு. ஒவ்வொரு முறையும் ஃபார்முலாவின் ஒரு பக்கத்தைக் காட்டி இன்னொரு பக்கத்தை மறைக்கும். பொருந்தாத படத்தோடு உட்கார்ந்தால் அரைநாள் போய்விடும். தவறு அப்படியே இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபார்முலா தனக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அறிய மர வரைபடம். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று அறிய அம்புக்குறிகள். நாளைக்கு இன்னொருவர் அதே ஃபார்முலாவைத் திருத்தப்போகிறார் என்றால் உள்தள்ளல், அதாவது வரி பிரித்து இடைவெளிவிட்டு எழுதுவது. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் மரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்ற முறைகளை எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்பது மரம் தெரிந்தவருக்குத் தானாகவே விளங்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஃபார்முலாவை எடுத்துக்கொள்வோம். பி2-இல் வருகைச் சதவீதம், சி2-இல் தேர்வு மதிப்பெண், டி2-இல் செய்முறை மதிப்பெண். இஃப் ஒரு நிபந்தனையைச் சோதித்து இரண்டு விடைகளில் ஒன்றைத் தரும், அண்ட் எல்லா நிபந்தனைகளும் உண்மையா என்று பார்க்கும், ரவுண்ட் எண்ணை முழுமையாக்கும்.

=இஃப்(அண்ட்(பி2>=75,சி2>=40),ரவுண்ட்(சி2*0.8+டி2*0.2,0),இஃப்(பி2>=75,"மறுதேர்வு","தகுதியில்லை"))

இது சிறியதுதான். எக்செல் ஒரு ஃபார்முலாவுக்கு 8,192 எழுத்துகள் வரை இடம் தருகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக 64 அடுக்கு வரை ஃபங்ஷன்களை வைக்கலாம்; 2007 பதிப்புக்கு முன்பு இந்த வரம்பு வெறும் 7. வரம்பு தளர்ந்ததால் நன்மை விளைந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஏழோடு நின்ற காலத்தில் மக்கள் கணக்கைத் துண்டுகளாகப் பிரித்தாக வேண்டியிருந்தது.

மர வரைபடம்

மேலே உள்ள ஃபார்முலாவின் மரம் இது:

இஃப்
├─ அண்ட்
│   ├─ பி2 >= 75
│   └─ சி2 >= 40
├─ ரவுண்ட்
│   ├─ +
│   │   ├─ சி2 * 0.8
│   │   └─ டி2 * 0.2
│   └─ 0
└─ இஃப்
    ├─ பி2 >= 75
    ├─ "மறுதேர்வு"
    └─ "தகுதியில்லை"

பார்த்தவுடனே இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வெளியே நிற்கும் இஃபுக்கு மூன்றே கிளைகள்: நிபந்தனை, உண்மையானால் என்ன, இல்லையானால் என்ன. இரண்டாவது செய்தி, 'பி2 >= 75' என்ற சோதனை இரண்டு இடங்களில் இருக்கிறது. வருகை வரம்பை நாளைக்கு 80 ஆக்கினால் இரண்டையும் மாற்ற வேண்டும். இரண்டாவதை மறந்தால் 77 சதவீதம் வந்தவருக்கு, தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தாலும், 'மறுதேர்வு' என்று வரும். ஒற்றை வரியாக வாசிக்கும்போது இந்த இரட்டிப்பு கண்ணில் படுவதே இல்லை.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதுதான் இயல்பு. அதுவரை வந்த சொற்களையெல்லாம் அது முடித்துவைக்கும். ஃபார்முலாவில் முடித்துவைக்கும் ஃபங்ஷன் முதலிலேயே வந்துவிடுகிறது, அது முடிப்பதற்கான பொருள்கள் பின்னால் வருகின்றன. அதனால்தான் உள்ளே போகப் போக, எந்தக் காற்புள்ளி யாருக்குச் சொந்தம் என்று நமக்குக் குழம்புகிறது. மரம் இந்தக் குழப்பத்தை நேராகத் தீர்க்கிறது.

வரைய எந்த மென்பொருளும் தேவையில்லை. ஒரு தாளில் ஃபார்முலாவை எழுதி, இடமிருந்து வலமாகப் போங்கள். '(' வரும்போது ஒன்று கூட்டுங்கள், ')' வரும்போது ஒன்று கழியுங்கள். எண்ணிக்கை 1 ஆக இருக்கும்போது வருகிற காற்புள்ளிகள் மட்டுமே வெளி ஃபங்ஷனுக்குச் சொந்தம். நம் ஃபார்முலாவில் ஆறு காற்புள்ளிகள் உண்டு. அவற்றில் இரண்டுதான் வெளி இஃபுடையவை. அந்த இரண்டு இடங்களில் வெட்டினால் மூன்று துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இதையே மறுபடி செய்தால் மரம் முடிந்தது. மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் அடைப்புக்குறிகளையும் காற்புள்ளிகளையும் மட்டும் எண்ணக்கூடாது.

லிப்ரேஆபிஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கு இது கருவியாகவே கிடைக்கிறது. கன்ட்ரோல்+எஃப்2 அழுத்தினால் ஃபங்ஷன் விசார்டு திறக்கும். அதில் 'ஸ்ட்ரக்சர்' என்ற தாவல் ஃபங்ஷன்களையும் அவற்றின் உள்ளீடுகளையும் மரமாக விரித்துக் காட்டும். சரியான உள்ளீட்டுக்கு நீலப் புள்ளி, பொருந்தாததற்குச் சிவப்புப் புள்ளி. எக்செல்லில் இதற்கு நிகராக உள்ளமைந்த வசதி இல்லை. இவ்வளவு வயதான ஒரு மென்பொருளில் இது இல்லாதது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

கையால் வரைவதில் இன்னொரு பயன், கணக்குக் குறிகளின் முன்னுரிமையை நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும். =-3^2 என்று எழுதினால் எக்செல், கால்க் இரண்டிலும் விடை 9. கணித வகுப்பில் -9 என்று படித்திருப்போம். தனியாக நிற்கும் கழித்தல் குறி இங்கே அடுக்குக் குறியைவிட இறுக்கமாக எண்ணோடு ஒட்டுகிறது என்பதுதான் காரணம். =0-3^2 என்று எழுதினால் -9 கிடைக்கும். மரத்தில் முதல் ஃபார்முலாவுக்கு உச்சியில் '^' நிற்கும், இரண்டாவதுக்கு உச்சியில் '-' நிற்கும். எழுத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிபவை, வடிவத்தில் வேறு வேறு.

மரத்துக்கும் பலவீனம் உண்டு. இதைப் பாருங்கள்:

=இஃப்(சி2>=40,"மூன்றாம் நிலை",இஃப்(சி2>=60,"இரண்டாம் நிலை",இஃப்(சி2>=80,"முதல் நிலை","தோல்வி")))

மரம் போட்டால் அழகாக வரும். அடைப்புக்குறிகள் சரி, கிளைகள் சரி. ஆனால் 90 வாங்கியவருக்கு 'மூன்றாம் நிலை' என்றே வரும், ஏனென்றால் முதல் நிபந்தனையிலேயே அவர் நின்றுவிடுகிறார். 60-க்கும் 80-க்கும் உரிய கிளைகளை யாரும் எட்டவே முடியாது. இந்தத் தவறைப் பிடிக்க 0 முதல் 100 வரை ஒரு எண்கோடு வரைந்து, ஒவ்வொரு நிபந்தனையும் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறது என்று வரிசையாக நிழலிடுங்கள். முதல் நிபந்தனை 40-லிருந்து 100 வரை மொத்தத்தையும் விழுங்கிவிடுவது உடனே தெரியும். ஓட்டப்படமும் (ஃப்ளோசார்ட்) இதைக் காட்டும். ஆனால் எல்லைகளைச் சோதிக்க எண்கோடே போதும், வரைய ஒரு நிமிடம்.

சொல்லப்போனால், ஓட்டப்படத்தை நான் ஒரே ஒரு வேலைக்குத்தான் பரிந்துரைப்பேன்: எக்செல் தெரியாத ஒருவருக்கு விதியை விளக்கி ஒப்புதல் வாங்க. கூட்டல் பெருக்கல் வரும் இடங்களில் அது கட்டங்களாகப் பெருகிப் பயனற்றுப் போகும். ஃபார்முலா மாறும்போது படத்தை யாரும் திருத்துவதும் இல்லை.

படிப்படியாகக் கணித்துப் பார்ப்பது

எக்செல்லில் ஃபார்முலாஸ் தாவலில் 'எவாலுவேட் ஃபார்முலா' இருக்கிறது. அடுத்து எந்தப் பகுதி கணிக்கப்படும் என்று அடிக்கோடிட்டுக் காட்டும்; பொத்தானை அழுத்த அழுத்த அந்தப் பகுதி தன் மதிப்பாகச் சுருங்கும். மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கடைசியில் வேர் மட்டும் மிஞ்சுவதை நேரில் பார்க்கும் வழி இது. 'ஏன் இந்தச் செல்லில் பிழை வருகிறது?' என்ற கேள்விக்கு இதைவிட வேகமான விடை கிடையாது.

ஆனால் அது காட்டுவது ஒரு வரிசையின் கதையை மட்டும். இஃப் தன் இரண்டு விடைக் கிளைகளில் தேவையானதை மட்டும் கணிக்கும். உங்கள் வரிசையில் நிபந்தனை உண்மையாக இருந்தால் மற்ற கிளைக்குள் இருக்கும் தவறு வெளியே வராது. அண்ட், ஆர் இரண்டும் அப்படியல்ல. தம் கிளைகள் அனைத்தையும் கணித்துவிடும். அதனால் =அண்ட்(பி2<>0,10/பி2>1) என்று எழுதி, 'பூஜ்யமாக இருந்தால் வகுத்தல் நடக்காது' என்று நம்பினால் #டிவ்/0! வந்து நிற்கும். பாதுகாப்பு வேண்டுமென்றால் =இஃப்(பி2<>0,10/பி2>1,ஃபால்ஸ்) என்று எழுத வேண்டும். இரண்டின் மரமும் கிட்டத்தட்ட ஒன்றே. எந்த ஃபங்ஷன் தன் கிளைகளில் தேர்ந்தெடுக்கிறது, எது எல்லாவற்றையும் தொடுகிறது என்ற அறிவு படத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். நான் மரம் வரையும்போது இஃபின் விடைக் கிளைகளைப் புள்ளிக்கோடாகவும் மற்றவற்றை முழுக்கோடாகவும் போடுவது இதற்காகத்தான்.

எஃப்9 இதன் குறுக்குவழி. ஃபார்முலா பாரில் ஒரு பகுதியைத் தேர்ந்து எஃப்9 அழுத்தினால் அதன் மதிப்பு அங்கேயே வரும். பார்த்து முடித்ததும் எஸ்கேப் அழுத்த வேண்டும், என்டர் அழுத்தினால் அந்த எண் நிரந்தரமாக ஃபார்முலாவுக்குள் உட்கார்ந்துவிடும். இதைப் பலரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத ஆபத்து வேறொன்று. சி2 = 50, டி2 = 60 என்று வையுங்கள். சி2*0.8+டி2*0.2 என்பதன் விடை 52. இதில் நடுவிலுள்ள '0.8+டி2' என்ற பகுதியை மட்டும் தேர்ந்து எஃப்9 அழுத்தினால் எக்செல் மறுப்புச் சொல்லாமல் 60.8 என்று காட்டும். ஆனால் உண்மைக் கணக்கில் அப்படியொரு படி நடக்கவே இல்லை. பெருக்கல்கள் முதலில் முடிந்துவிடுகின்றன. அந்த 60.8-ஐ உள்ளேயே விட்டால் முழு விடை 608 ஆகிவிடும். அதாவது, நீங்கள் தேர்ந்தெடுக்கும் பகுதி மரத்தில் ஒரு முழுக் கிளையாக இருந்தால் மட்டுமே எஃப்9 சொல்வது பொருளுள்ளது.

இதற்கு ஒரு பாதுகாப்பான வழி உண்டு. ஃபங்ஷனுக்குள் கர்சரை வைத்தால் கீழே ஒரு சிறு குறிப்பு வருமல்லவா, அதில் உள்ளீட்டின் பெயரைச் சொடுக்குங்கள். அந்த உள்ளீடு முழுவதையும் எக்செல்லே தேர்ந்துகொள்ளும். பிறகு எஃப்9 அழுத்தினால் அரைகுறைத் தேர்வுக்கு இடமில்லை.

அம்புக்குறிகள்

இதுவரை பார்த்தவை ஒரு செல்லுக்கு உள்ளே. 'ட்ரேஸ் பிரிசிடென்ட்ஸ்' செல்லுக்கு வெளியே பார்க்கிறது: இந்த எண்ணுக்கு உணவு தருபவை எந்தச் செல்கள்? 'ட்ரேஸ் டிபென்டன்ட்ஸ்' எதிர்த்திசையில்: இதை மாற்றினால் எவையெல்லாம் அசையும்? எக்செல்லில் வழக்கமான அம்பு நீலம். பிழையைக் கொண்டுவருவது சிவப்பு. வேறு ஷீட்டிலிருந்து வருவது ஒரு சிறு ஷீட் படத்தோடு கறுப்புக் கோடு. பொத்தானை மறுபடி அழுத்தினால் இன்னொரு தலைமுறை பின்னால் போகும். கால்க்கில் இதே வசதி 'டிடெக்டிவ்' என்ற பெயரில் இருக்கிறது. கூகிள் ஷீட்ஸில் உள்ளமைந்த அம்புகள் இல்லை. அங்கே, ஃபார்முலாவைத் திருத்தும்போது அது சுட்டும் செல்களைச் சுற்றி வரும் வண்ணங்களை நம்பியே வேலை பார்க்க வேண்டும்.

ஒரு செல்லை அழிக்கும் முன் டிபென்டன்ட்ஸ் அம்புகளைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மாற்றே இல்லை.

குறைகளும் சிறியவை அல்ல. அம்பு 'சி2 இதில் பயன்படுகிறது' என்று மட்டும் சொல்லும். கூட்டப்படுகிறதா, வகுக்கப்படுகிறதா, நிபந்தனையில் மட்டும் எட்டிப்பார்க்கிறதா என்று சொல்லாது. இன்டைரக்ட் ஃபங்ஷன் எழுத்துகளிலிருந்து முகவரியை உருவாக்குவதால் அது உண்மையில் எந்தச் செல்லைப் படிக்கிறது என்பதை அம்பு பின்தொடர முடியாது. ஒரு வரிசையைச் சேர்த்தாலோ ஃபார்முலாவைத் திருத்தினாலோ அம்புகள் மறைந்துவிடும். மூன்று தலைமுறை தாண்டினால் ஷீட்டே வலையாகிப் படிக்க முடியாமல் போகும்.

இந்த வலைச் சிக்கலை ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். 1998-இல் டக்கேயோ இகராஷியும் உடன் ஆய்வாளர்களும் அசைவூட்டத்தின் மூலம் இந்தத் தொடர்புகளை ஷீட்டின் மேலேயே தற்காலிகமாகக் காட்டும் முறையை முன்வைத்தார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃபெலியன் ஹெர்மான்ஸ், செல்லுக்குச் செல் அம்பு போடாமல், ஷீட்டுகளையும் அவற்றுக்குள் உள்ள பகுதிகளையும் கட்டங்களாக வைத்து அடுக்கடுக்காகத் திறக்கக்கூடிய தரவோட்டப் படங்களைத் தானாக உருவாக்கும் முறையை 2011-இல் வெளியிட்டார். பத்து ஷீட் உள்ள கோப்புக்கு இந்த அணுகுமுறையே சரி. ஒரு தாளில் ஷீட்டுக்கு ஒரு கட்டம் போட்டு நீங்களே வரையலாம்.

எந்தத் தவறை எது பிடிக்கும்

ஊரறிந்த இரண்டு பிழைகளை வைத்துப் பார்த்தால் தேர்வு தெளிவாகும்.

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் ஆகியோரின் 2010-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வில் சராசரி எடுக்கும் ஃபார்முலா எல்30:எல்44 என்ற வரம்போடு நின்றுவிட்டது. எல்49 வரை போயிருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன், மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் ஆகியோர் வைத்த விமர்சனங்களில் இதுவும் ஒன்று. இங்கே மரம் உதவாது. ஆவரேஜ், அதன் கீழே ஒரு வரம்பு, அவ்வளவுதான். செல்லில் எஃப்2 அழுத்தினால் வரும் வண்ணக் கட்டம் இதை ஒரு நொடியில் காட்டியிருக்கும், ஏனென்றால் கட்டத்துக்கு வெளியே ஐந்து வரிசைகள் தனியாக நிற்கும். வண்ணக் கட்டத்தை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். வரம்புப் பிழைக்கு அதைவிட நல்ல படம் இல்லை.

இரண்டாவது, ஜேபி மார்கன் வங்கியில் 2012-இல் 600 கோடி டாலருக்கு மேல் நட்டம் வந்த விவகாரம். 2013 ஜனவரியில் வங்கியே வெளியிட்ட அறிக்கையின்படி, இடர் அளவிடும் விரிதாளில் பழைய விகிதத்துக்கும் புதிய விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். இதனால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்து தெரிந்திருக்கும் என்கிறது அறிக்கை. அந்த நட்டத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. இந்தப் பிழையில் வண்ணமும் அம்பும் ஊமை: கூட்டினாலும் சராசரி எடுத்தாலும் அதே செல்கள், அதே அம்புகள். மரத்தில் மட்டும், வகுத்தல் குறியின் வலக்கிளையில் என்ன நிற்கிறது என்பது தனியாகத் தெரியும்.

மூன்றாவது வகைப் பிழையும் உண்டு, அதிகம் நடப்பதும் அதுதான் என்பது என் எண்ணம்: ஆயிரம் வரிசையில் ஒரே ஃபார்முலா, நடுவில் ஒரு வரிசையில் மட்டும் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இதற்கு மேலே சொன்ன எந்தப் படமும் வேண்டாம். எக்செல் அமைப்புகளில் ஆர்1சி1 முறைக்கு மாறி, கன்ட்ரோலோடு பின்சாய்ந்த ஒற்றைக்குறி விசையை அழுத்தி ஃபார்முலாக்களைத் தெரியச் செய்யுங்கள். 'இடப்பக்கம் இரண்டு செல் தள்ளி' என்று தொடர்பை எழுதும் முறை ஆதலால், சரியாக நகலெடுக்கப்பட்ட ஃபார்முலா எல்லா வரிசையிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும்: =ஆர்சி[-2]*ஆர்சி[-1]. வேறுபட்ட ஒன்று அந்த நெடுவரிசையில் துருத்திக்கொண்டு நிற்கும்.

உள்தள்ளலும் பெயரிடலும்

படம் வரைந்து புரிந்துகொண்டீர்கள். அடுத்த மாதம் உங்கள் சக ஊழியர் அதே செல்லைத் திறப்பார். உங்கள் தாள் அவரிடம் இருக்காது. மரத்தை ஃபார்முலாவுக்குள்ளேயே விட்டுப்போகும் வழி உள்தள்ளல். எக்செல்லில் ஆல்ட்+என்டர் அழுத்தி வரி பிரிக்கலாம், முன்னால் இடைவெளி விடலாம், விடை மாறாது. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+யூ ஃபார்முலா பாரை விரிக்கும்.

=இஃப்(
    அண்ட்(பி2>=75, சி2>=40),
    ரவுண்ட்(சி2*0.8 + டி2*0.2, 0),
    இஃப்(பி2>=75, "மறுதேர்வு", "தகுதியில்லை")
)

முழு மரத்தையும் இப்படி உடைக்க வேண்டாம். முதல் இரண்டு அடுக்குகளுக்கு வரி பிரித்தால் போதும். அதற்குமேல் பிரித்தால் செங்குத்தாக நீண்டு மறுபடி படிக்க முடியாததாகிவிடும். நிறைய ஃபார்முலாக்கள் எழுதுபவருக்கு மைக்ரோசாஃப்டின் எக்செல் லேப்ஸ் என்ற இலவச ஆட்-இன் நல்ல எழுதுபலகை தருகிறது.

வருகைச் சோதனை இரட்டித்திருப்பதை உள்தள்ளல் காட்டுமே தவிர நீக்காது. நீக்க, இடைமதிப்புகளுக்குப் பெயர் வைக்க உதவும் லெட் ஃபங்ஷன் வேண்டும்:

=லெட்(
    வருகை_சரி, பி2>=75,
    மொத்தம், ரவுண்ட்(சி2*0.8 + டி2*0.2, 0),
    இஃப்(வருகை_சரி, இஃப்(சி2>=40, மொத்தம், "மறுதேர்வு"), "தகுதியில்லை")
)

இப்போது 75 ஒரே இடத்தில் இருக்கிறது. மரத்தின் ஒரு கிளைக்குப் பெயர் கிடைத்திருக்கிறது, அந்தப் பெயரே விளக்கமும் ஆகிறது. எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365, கூகிள் ஷீட்ஸ், லிப்ரேஆபிஸ் 24.8 ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பின் வந்தவற்றிலும் லெட் உண்டு.

ஆனாலும் மரம் நான்கு அடுக்கைத் தாண்டிப் போகிறது என்றால், நான் லெட்டையும் விட்டுவிட்டுத் துணை நெடுவரிசைகளுக்குப் போவேன். வருகை சரியா என்று ஒரு நெடுவரிசை, மொத்த மதிப்பெண்ணுக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. லெட்டுக்குள் இருக்கும் இடைமதிப்புகள் கண்ணுக்குத் தெரியாது. துணை நெடுவரிசையில் ஆயிரம் வரிசைக்கும் ஒரே நேரத்தில் தெரியும், வடிகட்டலாம், வரிசைப்படுத்தலாம், பழைய பதிப்பு வைத்திருப்பவரும் திறந்து பார்க்கலாம். அம்புக்குறிகளும் அப்போதுதான் முழுப் பயன் தருகின்றன, ஏனென்றால் செல்லுக்குள் இருந்த மரத்தின் ஒவ்வொரு கிளையும் ஷீட்டின் மேல் ஒரு செல்லாக வந்து நிற்கிறது. நெடுவரிசைகள் கூடுகின்றனவே என்று தயங்குபவர்கள் அவற்றைத் தொகுத்து மடித்து வைக்கலாம். மறைத்து வைப்பதை மட்டும் தவிருங்கள். மறைந்த நெடுவரிசை இருப்பதே அடுத்தவர் கண்ணில் படாமல் போகலாம். மடித்ததற்கு மேலே ஒரு கூட்டல் குறியாவது நிற்கும்.